அடுத்த வாரம் வர மாட்ட

அந்த விழுப்புரம் டாக்டர நெனச்சாலே எனக்குப் பத்திக்கினு வருது. ஒல்லி ஆளு. சட்டையில எப்பவும் ஒரு பட்டன் இருக்காது. பேசும்போது நம்ம மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு. எங்க மாமாவோட வீங்குன காலைக் கட்டைவெரலால அமுக்கிட்டு, அந்தக் குழி மேல எழும்புற வரைக்கும் அதையே பாத்துக்கினு இருப்பாரு.

மொத நாளு, காலைப் பாத்துக்கினே சொன்னாரு: "இவருக்கு இதயம் தளந்துபோச்சு. ரத்தம் உள்ள தேங்கிக் கட்டினா, அது மூளைக்குப் போயி கை கால் விழுந்துடும். ரத்தத்த இளக்க மாத்திரை இருக்கு. ஆனா வாரா வாரம் இங்க வந்து ரத்தம் சோதிக்கணும். சோதிக்காம முழுங்கினா, உள்ளயே ரத்தம் கொட்டி ஆளு போயிடுவாரு."

"ரெண்டுல எதுல சாவு கம்மிங்க சார்?"ன்னு நக்கலா கேட்டேன்.

"அது உன் கையில இருக்குடா. கண்டாச்சிபுரத்துலேர்ந்து வாரா வாரம் கூட்டிக்கினு வருவியா?"

"வர்றேன் சார்."

"வர மாட்ட. நெலத்துல மல்லாட்டை பறிப்பு வந்தா எல்லாரும் நின்னுடுவீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

என் மூஞ்சிய எங்கய்யா பாத்த நீ! வாய் வரைக்கும் வந்துச்சு. மாமாவுக்காக அடக்கிக்கினேன். அந்த மாத்திரையும், வீக்கம் வடிய இன்னொண்ணும் எழுதிக் குடுத்தாரு.

பறிப்பும் வந்துச்சு. எங்கப்பா நிலத்துல நின்னுக்கினு கத்துனாரு. நான் மாமாவ பஸ்ல ஏத்திட்டேன்.

"வந்துட்டேன் பாத்தீங்களா சார்?"

அவரு மாமா காலை அமுக்கினாரு. வீக்கம் வடிஞ்சிருந்துச்சு, குழி ஜல்தியா எழும்பிச்சு.

"அடுத்த வாரம் வர மாட்ட."

நெசமாவே என்னை நம்பலியா, இல்ல ஏத்திவுடுறாரா, ஒண்ணும் புரியல. அந்த ஆளத் திட்டிக்கினேதான் வாரா வாரம் பஸ் ஏறுறேன்.