கதவுக்கு உள்ளே நின்று பாடியது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்து காய்ந்த நாற்றம் இப்போதும் சில சமயம் மூக்கில் ஏறும். ஐம்பதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதில், பொன்மலை ரயில்வே காலனி மதிலிலிருந்து விழுந்து வலது தொடை முறிந்தது. நாட்டு வைத்தியர் அந்தப் பற்றைப் பூசி, மூங்கில் ‘பத்தை’ வைத்துக் கட்டியது கோணலாகக் கூடிவிட, புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி உடைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். தீபாவளிக்குப் படுத்தவன் சித்திரை முடியும்வரை ஒற்றை அறையில், ஒரே கட்டிலில், வெயில் சுவரில் நகர்வதைப் பார்த்துக் கிடந்தேன்.

அடுத்த வீட்டில் டாரத்தி ஆன்ட்டி என்ற ஆங்கிலோ இந்திய விதவை தனியாக இருந்தார். சீமையில் வேல்ஸ் என்ற பகுதியில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய காலண்டரை என் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். மாதம் பிறந்தால்தான் தாளைத் திருப்புவார். “அவசரப்படாதே மேன், ஏப்ரல் ஓடியா போயிடும்?” என்பார்.

அம்மா சொர்க்கவாசல் பார்க்க ஸ்ரீரங்கம் போன நாளில் நான் ஜனவரிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை மண்டையோட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, ரிப்பன் கட்டி, ஒரு வீட்டு வாசலில் சிலர் நின்றார்கள். ஆன்ட்டி சொன்னபடி, அவர்கள் வெளியே ஒரு பாட்டுப் பாடினால் வீட்டுக்காரர் உள்ளிருந்து ஒன்று பாட வேண்டுமாம். உள்ளே பாட்டுத் தீர்ந்தால் கதவைத் திறந்துவிட வேண்டுமாம். மார்ச்சில் அந்த ஊர்க்காரர்கள் வெங்காயத்தாள் மாதிரி ஒரு செடியைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள் என்று ஆன்ட்டி எனக்கு வெங்காயத்தாளைக் குத்திவிட, “சாம்பாருக்கு வெச்சிருந்தேன், சீமைக்குப் போயிடுச்சா?” என்று அம்மா சிரித்தாள். மே மாதத்தில் கடலோரக் குன்றின் விளிம்பில் ஒற்றையடிப் பாதை ஒன்று போனது. அதில் தினமும் நடந்தேன். அது எங்கே முடியும் என்று கேட்டதற்கு ஆன்ட்டி, “எனக்கென்ன தெரியும் மேன், நான் அரக்கோணம் தாண்டினதில்லை” என்றார்.

கட்டைப் பிரித்தபோது வலது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டிருந்தது. ஒரு நாள் வாசலுக்குப் போனேன். “டேய், நொண்டிக் குருவி வந்துடுச்சுடா!” என்று ஒருவன் கத்தினான். அதோடு சரி, அறையைத் தாழிட்டுக்கொள்ளப் பழகினேன். தலைமை ஆசிரியர் இரக்கப்பட்டு ஐந்தாவது பாஸ் போட்டிருந்தார். ஜூனில் ஹைஸ்கூலில் ஆறாவது சேர வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளன்று அப்பா அரை நாள் லீவு போட்டு, சைக்கிளோடு வாசலில் நின்றார். நான் தாழை எடுக்கவில்லை.

அப்போதுதான் ஆன்ட்டி காலனிப் பையன்களைக் கூட்டிவந்தார். துடைப்பக் கட்டையில் தலையணை உறையை மாட்டி, சோடா மூடியால் கண் வைத்து, கிறிஸ்துமஸ் ரிப்பன் கட்டிய குதிரை. ஜன்னல் இடுக்கில் அது தலையாட்டியது. “ரூல் தெரியும்ல மேன்? பாட்டு தீர்ந்தா வெளியே வரணும்!” அன்று ‘நொண்டிக் குருவி’ என்று கத்தியவனும் கூட்டத்தில் நின்றான். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

அவர்கள் ஒன்று பாடினார்கள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்று பாடினேன். யார் முன்னாலும் வாய் திறக்காதவன், கதவு நடுவில் இருந்ததால் பாடினேன். எட்டு மாதம் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுக் கிடந்தவனிடம் ஆன்ட்டி பாட்டுப் போட்டி வைத்திருக்கக் கூடாது. பத்து, பதினைந்து என்று போனது. கடைசியில் ஒரு பையன் முதல் அடியைப் பாடிவிட்டு அடுத்த அடி தெரியாமல் திணறினான். “யாராச்சும் சொல்லுங்கடா” என்றான். எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

வெளியே பாட்டு தீர்ந்தது. பிறகு ஆன்ட்டியின் குரல்: “ஜெயிச்சுட்டே மேன்.” அதில் சிரிப்பு இல்லை. அப்பா கதவை ஓங்கித் தட்டினார். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது, அப்பாவின் அரை நாள் லீவு முடிந்தது. சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. “ஒரு பாட்டு விட்டுக்கொடுத்திருக்கலாமேடா தம்பி” என்றாள் அம்மா.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து, நகைக்கல் பட்டை தீட்டும் சக்கரத்தில் அமர்த்தினார்கள். முப்பது வருடமாக அங்கேயே இருக்கிறேன். ஆன்ட்டி சீமைக்கு, அக்காவிடமே போய்விட்டார். அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அன்று பாடியவற்றில் பாதி மறந்துவிட்டது. அந்தப் பையனுக்குச் சொல்லாத அடி மட்டும் மறக்கவில்லை.

எழுதி முடித்தது, 1990 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை.