தாள் ஒட்டிய பேருந்து

பெர்னடெட் செட்லாக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது அப்பன் வழிச் சொத்து. சுரங்க வேலைநிறுத்தத்தில் கம்பெனி அடியாட்கள் அவருடைய முன்பற்களை உடைத்தார்கள். உடைத்தவனின் தாடையைப் பெயர்த்துவிட்டுத்தான் அவர் வீடு திரும்பினார். மறியலில் நிற்பவர்களின் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவன் சொந்தத் தம்பியானாலும் அடி. பென்சில்வேனியாவின் அந்த நிலக்கரி ஊரில் பிள்ளைகள் ஜெபத்துக்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டார்கள்.

மகள் பெர்னடெட் கணக்கு டீச்சரானாள். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பாதிப்பேர் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். வகுப்புக்கு இருபத்தெட்டுப் பேருக்கு மேல் கூடாது, அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்றது ஆசிரியர் சங்கம். பள்ளி வாரியம் சிரித்தது. பனி கொட்டும் ஜனவரியில் ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

பாடம் நடத்த வாரியம் வேறு ஆட்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பியது. முகம் தெரியாமலிருக்க ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பது நகரத்துக் கூலிப்பட்டாளம் என்றே எல்லோரும் நம்பினார்கள். டயரைக் கிழித்தார்கள், ஓட்டுநர் முகத்தில் துப்பினார்கள். போலீஸ் தடி ஓவிய ஆசிரியரின் விரல்களை நொறுக்கியபோது பெர்னடெட்டுக்குக் கண்மண் தெரியவில்லை. செங்கல்லை எடுத்து வீசினாள். கண்ணாடி சிதறியது, உள்ளே அலறல் கேட்டது. சொல்லவே அசிங்கமாக இருக்கிறது, அவள் கைதட்டினாள்.

முகத்தைப் பொத்தியபடி இறங்கியவள் ரோண்டா யாரோஷ். பெர்னடெட்டிடம் படித்து, அவள் விரட்டி விரட்டிக் கல்லூரிக்கு அனுப்பிய பெண். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் பனியில் சொட்டியது. இடது கண் போயிற்று.

எறிந்தது யாரென்று போலீஸ் கேட்டது. பார்த்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறியலில் நின்றவரைக் காட்டிக்கொடுப்பது அங்கே பெற்ற தாயை விற்பதற்குச் சமம். சங்கம் வென்றது. இருபத்தெட்டு ஒப்பந்தத்தில் ஏறியது.

ரோண்டாவுக்கு வாரியம் அதே பள்ளியில் நிரந்தர வேலை கொடுத்தது. கோடு தாண்டியவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. அவள் பைக்குள் செத்த எலியைப் போட்டார்கள், காரை நொறுக்கினார்கள். பெர்னடெட் பார்த்துக்கொண்டு கல்லாய் இருந்தாள்.

ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் விளையாட்டு ஆசிரியன், "வழி விடு, ஒத்தக்கண்ணி" என்று சொல்லி ரோண்டாவின் காலை இடறிவிட்டான். அவள் தட்டோடு விழுந்தாள். பெர்னடெட் தன் தட்டை எடுத்து அவன் மூக்கில் அறைந்தாள். எலும்பு முறிந்தது; அவன் சட்டையெல்லாம் ரத்தம். பிறகு தரையில் ரோண்டா பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாள் விழுங்கியதைச் சொன்னாள்.

"அந்தக் கல்ல எறிஞ்சது நான்தான்டி."

"தெரியும் மிஸ். தாள்ல ஒரு கிழிசல் இருந்துச்சு. நீங்க கைய ஓங்குறப்பவே பாத்தேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லல?"

"நானும் இந்த ஊர்ப் பொண்ணுதானே." சிதறிய உருளைக்கிழங்கை ரோண்டா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "ஸ்கூல் முடிக்கிற பசங்களுக்கு ஒரு வருஷம் வீணாப் போயிடக்கூடாதுன்னுதான் அன்னிக்கு உள்ள வந்தேன். இப்ப என் கிளாஸ்ல இருபத்தெட்டுப் பேருதான் மிஸ். பாத்துக்க ஒரு கண்ணே போதுமா இருக்கு."