இன்று மழை இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பஷீர் பாய் வீட்டுக்கு வந்திருந்தார். வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருப்பவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். வாசலிலேயே யாரையாவது கிண்டல் செய்துகொண்டு நுழைகிற மனிதர், அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இரண்டாவது மகன் வேலை தேடி துபாய்க்குப் போயிருக்கிறான். ஏழு வாரமாகக் கடிதம் இல்லை.

"மண்டியில உக்காந்தா மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது வாத்தியாரே. நீங்கதான் வாராவாரம் எழுதுறீங்களே... இந்த மாதிரி நேரத்துல மனுசன் இன்னாதான் பண்றது?"

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் போய் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? விடுவேனா நான்?

"தினமும் ஒரே நேரத்துல, ஒரே வேலைய, வுடாம செய்யுங்க பாய். எவ்ளோ சின்ன வேலையா இருந்தாலும் சரி, மனசு தன்னால அடங்கும்" என்று ஆரம்பித்து, ஜவ்வாது மலையில் நான் மழை அளந்த கதையை எடுத்துவிட்டேன். பாய் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எனக்கும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

டம்ளர்களை எடுக்க வந்த என் மனைவி சரோஜா கேட்டாள்: "பாய்கிட்ட பாதிக் கதையத்தான சொன்னீங்க?"

அது உண்மைதான். மீதிப் பாதியை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பதினோரு வருஷம் இருக்கும். மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அங்கே சரோஜாவும் நானும் குடித்தனம் நடத்தினோம். மகள் செல்வி பிறந்த ஆறாவது மாதம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை. மலையில் டாக்டர் ஏது? தூக்கிக்கொண்டு ஆலங்காயத்துக்கு, மாமனார் வீட்டுக்கு ஓடினோம். காய்ச்சல் சரியாகிவிட்டது. ஆனால் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கீழ மாத்திக் குடுக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கீங்கல்ல மாப்ள? ஆர்டரோட வாங்க. அதுவரைக்கும் புள்ள இங்கயே இருக்கட்டும்."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை மனிதர். ஆனால் எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, ரோஷம் மூக்கு நுனியில் நிற்கும். சரி, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் இல்லாமல் இந்த வாசலை மிதிப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டேன்.

ஆர்டர் வந்தால் சரோஜாவும் செல்வியும் என்னோடு. வராவிட்டால்? வராவிட்டால் என்ன என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

அந்த வருஷம் பார்த்து மழையும் பொய்த்துவிட்டது. சாமை விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தலைமையாசிரியர் நீண்ட லீவில் போனதால் அவருடைய வேலைகளில் ஒன்று என் தலையில் விழுந்தது. மழை அளக்கிற வேலை.

பள்ளிக்கூட மைதானத்தில் முள்கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி நின்றது. மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்குத் திறந்து, பாட்டிலில் தண்ணீர் இருந்தால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை ஒரு வாரக் கணக்கையும் கார்டில் எழுதி, போளூர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

முதல் வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. எழுத என்ன இருக்கிறது? ஏழு நாளுக்கும் காலியாக விட்டு அனுப்பினேன். ஆபீசிலிருந்து பதில் கார்டு வந்தது. "காலியாக விடக் கூடாது. மழை இல்லையெனில் பூஜ்யம் என்று எழுதவும். காலியாக இருந்தால் தாங்கள் பார்க்கவில்லை என்று பொருள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெய்யாத மழைக்கு இத்தனை அதிகாரமா! ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒழுங்காகச் செய்தேன். விடியற்காலையில் எழுந்து கிணற்றடியில் குளியல். முகச் சவரம். சலவை வேட்டி. எட்டரைக்கு வேலியின் பூட்டைத் திறப்பேன். புனலில் சிலந்தி வலை பின்னியிருந்தால் துடைப்பேன். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். காய்ந்து கிடக்கும். பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தன், தினமும் வேலி ஓரம் வந்து நிற்பார். "இன்னா சார், எவ்ளோ?"

"பூஜ்யம்."

"செரி" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "நீங்களும் இதே வானத்துக்குக் கீழதான இருக்கீங்க? பெய்யலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். இருந்தாலும் நீங்க தொறந்து பாத்து இல்லன்னு சொல்லிட்டா, போய் வேற வேலையப் பாக்கலாம் பாருங்க."

நம்புங்கள், அந்த எட்டரை மணி வேலை என்னைக் காப்பாற்றியது. அது இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் அலமாரியில் செல்வியின் பவுடர் டப்பா ஒன்று மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் மேற்கே பாறை ஓரம் போய் நிற்பேன். கீழே ஆலங்காயம் பக்கத்துச் சமவெளி புகை மாதிரித் தெரியும். குழந்தை இப்போது என்ன செய்துகொண்டிருக்கும், சரோஜா கோபமாக இருப்பாளா, என்னை நினைப்பாளா... இருட்டும்வரை நிற்பேன். மறுநாள் எட்டரைக்குப் பூட்டைத் திறக்கும்போது மனசு அடங்கியிருக்கும். "எப்படி சார் இவ்ளோ நிதானமா இருக்கீங்க?" என்று கூட வேலை பார்த்த வாத்தியார் கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாயிடம் நான் சொன்னது இதுவரைக்கும்தான்.

சரோஜாவுக்குக் கடிதம்? ஞாயிற்றுக்கிழமை தோறும் இன்லண்டு லெட்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். என்ன எழுதுவது? ஆர்டர் வரவில்லை. அதை வேறு எழுத வேண்டுமா? வந்ததும் எழுதலாம், நல்ல சேதியாக எழுதலாம் என்று மடித்து வைத்துவிடுவேன். இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மதியம். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து போளூர் கார்டை எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. நிமிர்ந்தால் சரோஜா. ஒரு கையில் துணிப்பை, இடுப்பில் செல்வி, முழங்கால்வரை செம்மண் புழுதி. ஒரு மணி நேர நடையைக் குழந்தையோடு நடந்தே வந்திருக்கிறாள்.

எழுந்து ஓடிப்போய்க் குழந்தைக்குக் கையை நீட்டினேன். செல்வி என்னைப் பார்த்தாள். யாரோ என்று பார்த்துவிட்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சரோஜா என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளை வேட்டி, மழமழவென்ற முகம்.

"நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். "இருக்கீங்களா, இல்லையான்னு பாக்கத்தான் வந்தேன்."

பிறகு பெஞ்சில் கிடந்த கார்டை எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"போளூர் ஆபீசுக்கு."

"ஞாயிறு பூஜ்யம், திங்கள் பூஜ்யம், செவ்வாய் பூஜ்யம்... இன்னாங்க இது?"

"மழைக் கணக்கு. மழை இல்ல, அதான்."

"இல்லாததுக்கா வாராவாரம் கார்டு போடுறீங்க?"

"ஆமா, போட்டே ஆகணும் சரோ. காலியா வுடக்கூடாது. வுட்டா நாம பார்க்கவே இல்லன்னு அர்த்தமாயிடும்" என்று பாடம் நடத்துகிற குரலில் விளக்கினேன். நான்தான், என் வாயால்தான் சொன்னேன்.

அவள் கார்டைப் பழைய இடத்திலேயே வைத்தாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் அப்படித்தாங்க அர்த்தமாச்சு."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பள்ளிக்கூடத்தில், வாத்தியார், பட்டப்பகலில்.

"ஆர்டர் வர்லன்னு ஒரு வரி எழுதியிருந்தா, செரி வர்லன்னு தெரிஞ்சிக்கிட்டு நானும் என் வேலையப் பாத்திருப்பேன்" என்றாள். "தபால்காரரு தெரு முனையில திரும்புற வரைக்கும் தினமும் வாசல்லயே நின்னேன். நீங்க எங்கள வுட்டுட்டீங்கன்னு ஊர்ல பேச ஆரம்பிச்சிட்டாங்க. அப்பா என்கிட்ட எதுவும் கேக்குறதையே நிறுத்திட்டாரு."

அன்றைக்கு அவள் திரும்பிப் போகவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆர்டர் வர மேலும் ஒன்றரை வருஷம் ஆனது. வந்தபோது கொண்டாடக்கூடத் தோன்றவில்லை. செல்வி என்னிடம் தாவி வர எட்டு நாள் பிடித்தது. அந்த எட்டு நாளும் எட்டரை மணிக்கு நான் மழைமானியைத் திறந்தேன், உண்மைதான். நிதானம் மட்டும் இல்லை.

பழக்கத்தின்மேல் பழி போடவில்லை நான். தினசரி ஒரு வேலை மனசுக்கு ஊன்றுகோல்தான், பாயிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் காத்திருக்கிறவருக்கு ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறோம். காக்க வைக்கிறவருக்கு யார் சொல்வது? துபாய்க்கு இந்தப் பத்திரிகை போகிறதோ என்னவோ. போனால், பஷீர் பாயின் மகனே... வேலை கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுதிப் போடு தம்பி. நல்ல சேதிக்காகக் காத்திருக்காதே.

செல்விக்கு இப்போது பதினோரு வயது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஏதோ எழுதச் சொன்னார்களாம். "எனக்கு மொதப் பல்லு எப்பம்மா முளைச்சுது?" என்று வந்து கேட்டாள். கணக்குப் பார்த்தால் அந்த நாலு மாதத்தில்தான் முளைத்திருக்க வேண்டும். நான் சரோஜாவைப் பார்த்தேன்.

"தெரியலடி செல்வி" என்றாள். "அம்மா அப்ப தெருவையே பாத்துட்டிருந்தேன்."