ஆறாம் பாகத்தைத் திட்டியவர்

தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்கு வந்த பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். செம்பனை ஆலையின் எண்ணெய் நகக்கண்களில் கறுத்திருந்தது. ஒரு வீடியோ கேமின் ஆறாம் பாகத்தைத் திட்டி, அதன் முகநூல் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பதிவையும் முணுமுணுத்துப் படித்துவிட்டே அனுப்பினார்.

“அந்தக் கம்பெனிக்குத் தமிழ் புரியுமாண்ணே?”

“இங்கிலீஷ்ல அத்தனை பேரு திட்டினாங்க. கேட்டானுங்களா?”

“அடுத்த பாகத்துல திருத்திடுவாங்க.”

“அடுத்ததா? இது ஓடலன்னு கம்பெனியையே மூடிட்டாங்க லா.”

“அப்புறம் யாருக்கு எழுதுறீங்க?”

போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “இந்தப் பக்கத்த இன்னும் மூடலயே.”

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். மற்றவர்களின் கோபம் போன வருடமே அடங்கியிருந்தது. அதன்பின் எல்லாம் அவர் எழுதியதுதான். பதிலாக ஏதாவது எழுதலாமென்று நினைத்தேன். என்ன எழுதுவதென்று இன்றுவரை தெரியவில்லை.