முனிவர் பிடித்த வேட்டி

மறையூர் முனியறைக்குள் இன்றும் ஒரு முனிவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நம்பினேன். ஐம்பது வயதில் நம்பினேன், அதுதான் கேவலம்.

சின்னமனூர்க்காரர்களான எங்களுக்குப் கேரள எல்லையான போடிமெட்டைத் தாண்டினாலே வெளிநாடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் மைத்துனனோடும் மூணாறு வழியாக மறையூர் போனேன். அங்கே பாறை மேட்டில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய சிற்றறைகள் இருக்கின்றன. ஆதிமனிதர்கள் செத்தவர்களுக்காகக் கட்டியவை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். முனிவர்கள் தவம் செய்த இடம் என்பது ஊர்ப்பேச்சு.

"மாமா, முனிவரு உள்ள இருக்காகளான்னு பாத்துட்டு வாங்க" என்றான் மைத்துனன்.

"உன் மாமாவா? வாசலோட திரும்பிருவாக" என்று மனைவி சிரித்தாள்.

ரோஷத்தில் தவழ்ந்து உள்ளே போனேன். ஒரே இருட்டு. வெளியே வரத் திரும்பினால், வேட்டியை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். இழுத்தேன், விடவில்லை.

"முருகா! என்னைய விடச் சொல்லுப்பா! சுருளிக்கு வந்து மொட்டை போடுறேன்!"

சுற்றுலா வந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது. குனிந்து எட்டிப் பார்த்த மைத்துனன் சிரித்துச் சிரித்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாமிக்கு நேந்துட்டீக. இனி அந்த முடி உங்களுது இல்ல" என்றாள் மனைவி.

வாரம் தவறாமல் மை பூசிக் காப்பாற்றிய முடி சுருளி அருவிக்கரையில் போனது. மை கரையுமென்று பயந்து, அதுவரை அந்த அருவியில் நான் தலையை நனைத்ததே இல்லை. அன்று மொட்டைத் தலையில் தண்ணீர் விழுந்தபோது குழந்தை மாதிரி கூத்தாடினேன். மறுபடி மை வாங்கவே இல்லை.

முனியறைக்குள் யாருமே இல்லை. வேட்டியின் மேல் இருந்தது என் முழங்கால்.