அழுமூஞ்சிக்குப் போட்ட ஊசி

ஐம்பது வயதைத் தாண்டியதும் ஊரில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னக்கா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" நான் ஒரு மாதிரியும் இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்து வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருப்பேன். ஆனால் மூக்கின் இரு பக்கத்திலிருந்தும் கிளம்பி வாய்க்கோடி வரை இறங்கிய இரண்டு மடிப்புகள், நான் இப்போதுதான் அழுது முடித்தேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புகார் சொல்லிக்கொண்டிருந்தன.

கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் எங்கள் காந்தலூருக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் எங்கள் தோட்டத்தில் பழம் பறிப்பார்கள். கொச்சியிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்து பற்றி சேச்சி?" என்று, எனக்கு என்ன ஆச்சோ என்று மலையாளத்தில் கேட்டுக் கண் கலங்கினாள். ஒன்றும் ஆகவில்லை என்றால் நம்பவில்லை. போகும்போது என் வீட்டுக்காரரை முறைத்துவிட்டுப் போனாள். அவர் பாவம், "அவ மூஞ்சியே அப்படித்தாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

எனக்குப் பொறுக்காதது அந்தப் பதில்தான். இளமையாகத் தெரிய ஆசையே இல்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பெரிய ஆசை, என் மனசில் இருப்பதை என் முகம் சொல்ல வேண்டும் என்பது. நான் சந்தோஷமாக இருக்கும்போது இது யாரைக் கேட்டு அழுகிறது?

நர்ஸ் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த மகள்தான் ஃபில்லர் ஊசியைப் பற்றிச் சொன்னாள். மடிப்புக்கு அடியில் ஜெல்லி மாதிரி ஒரு மருந்தைச் செலுத்திப் பள்ளத்தை நிரப்புவார்களாம். இதைக் கேட்ட என் நாத்தனார், "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குற வயசுல அம்மாவுக்கு அலங்காரமா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரமே மகளும் நானும் சின்னார் காட்டு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போனோம்.

தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். ஊசியைத் தொடுவதற்கு முன் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இது நிரந்தரம் இல்லை, மாதக்கணக்கில் நின்று மெல்லக் கரைந்துவிடும். சில நாள் வீங்கும், கன்றிப்போகும், அது தானாகச் சரியாகும். பயப்பட வேண்டியது வேறு. மருந்து தப்பி ரத்தக் குழாயை அடைத்தால் அந்த இடத்துத் தோலே செத்துப்போகலாம். அபூர்வமாகக் கண் பார்வைகூடப் போகலாம். "அதனால குழாய் எங்க ஓடுதுன்னு தெரிஞ்ச டாக்டர்கிட்டத்தான் போட்டுக்கோணும்ங்க. அடைச்சா கரைக்கிற மருந்து பக்கத்துலயே இருக்கோணும்" என்று குப்பியை எடுத்துக் காட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒரு மாத்திரையும் இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். பையிலிருந்து பூண்டுக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். "எங்க தோட்டத்துப் பூண்டு டாக்டரம்மா. தினமும் வெறும் வயித்துல ஒரு கைப்பிடி, தேன்ல ஊறப்போட்டுப் பச்சையாத் திம்பேன். அதான் நோய்நொடி அண்டல."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பச்சைப் பூண்டை அந்த அளவுக்குத் தின்றால் ரத்தம் சீக்கிரம் உறையாதாம், முகமெல்லாம் கன்றிப்போகுமாம். "குழம்புல போடறது பரவாயில்லீங்க. இந்தக் கைப்பிடியை ரெண்டு வாரம் நிறுத்திட்டு வாங்க. வேற டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துன்னா நீங்களா நிறுத்தக் கூடாது. இது நீங்களாத் திங்கறதுதானுங்களே." காந்தலூரில் பூண்டை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? எங்களுக்கு அது சோறு மாதிரி.

திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கொதித்தது. வெறும் கையோடு போனால் நாத்தனார் சிரிப்பாளே. உடுமலைப்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எதிர் மாடியில் ஓர் அழகு நிலையத்தின் பலகையில் இதே ஊசியைப் பற்றி எழுதியிருந்தது. மகள் தடுக்கத் தடுக்க ஏறிவிட்டேன். அங்கிருந்த பெண் என்னை நாற்காலியில் சாய்த்து, "இப்பவே போட்டுரலாம் ஆன்ட்டி" என்றாள். என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்குப் புத்தி வந்தது.

"நீ டாக்டரா?" என்றேன். பயிற்சி எடுத்திருக்கிறாளாம். மருந்து வந்த பெட்டியைக் காட்டச் சொன்னேன். பெட்டி இல்லை, ஊசி மட்டும்தான் இருந்தது. "குழாய் அடைச்சா கரைக்கிற மருந்து வெச்சிருக்கியா?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று சிரித்தாள். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். படி இறங்கும்போது வந்த கர்வம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

பூண்டு விளையும் ஊரில் பூண்டு தின்னாமல் இருந்தேன். நாத்தனார் வேண்டுமென்றே என் எதிரில் உட்கார்ந்து மென்றாள். மென்றுகொள் என்று விட்டுவிட்டு, நாள் வந்ததும் மறுபடி மலையிறங்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். மரத்துப்போகக் களிம்பு தடவியும் சுருக்கென்றுதான் இருந்தது. குளவி கொட்டியவளைப் போல வந்து இறங்கிய என்னைப் பார்த்து வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். முகத்தை அழுத்தக் கூடாது, சூட்டில் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மறையூரில் சொந்தக்காரர்கள் வெல்லம் காய்ச்சக் கூப்பிட்டும் போகவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு கண்ணாடியில் ஒன்றும் குமரி தெரியவில்லை. என் வயசுக்காரிதான் தெரிந்தாள். ஆனால் அவள் அழுது முடித்தவள் இல்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் மறைக்காமல் சொன்னேன். கடைசியில் நாத்தனாரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப வலிச்சுச்சா?" என்றாள். "வலியை விடு. காலையில பச்சைப் பூண்டு திங்கிறியா?" என்றேன்.

சில மாதங்களில் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கொச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவைத் தாண்டி அவள் மறைந்ததும் எனக்கு மனசு உடைந்துவிட்டது. சத்தம் போடாமல் அழுதேன். அவளை முதன்முதலாக ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பியபோது மலை ஏறும் வரை பஸ்ஸில் அழுதிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதும் அழுகிற முகத்தில் நிஜ அழுகையை யார் கண்டுபிடிப்பார்கள்?

இந்த முறை அவர் திரும்பினார். உற்றுப் பார்த்தார். "ஏ, அழுகுறியா?" என்றார். நாலு பேர் எதிரில் என்னைத் தொட்டே பழக்கமில்லாத மனுஷன், தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "ஆமாங்க" என்றேன். அவர் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் நன்றாகவே அழுதேன்.