சித்தப்பாவின் நாற்பத்தெட்டு நாட்கள்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, சித்தப்பாவைத் திருத்தும் வேலையில் ஒரு பங்கு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அப்பா அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். எங்கள் குடும்பத்துக்குக் கோயிலில் முறை வரும் நாட்கள் குறைவு. அதற்கு அப்பா ஒருவரே போதும். அதனால் சித்தப்பா வெளியே வேலை தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தேடிக்கொண்டேயிருந்தார். செல்போன் ரீசார்ஜ் கடையில் எட்டு மாதம், ஒரு வக்கீலிடம் டைப் அடிக்க மூன்று மாதம், கீழ்பென்னாத்தூரில் ஓர் உரக்கடையில் பதினோரு நாள். எல்லா இடத்திலிருந்தும் நல்லபடியாகவே திரும்பி வந்தார். யாரோடும் சண்டை கிடையாது. காலை ஒன்பது மணிக்கு எழுந்திருக்கும் பழக்கம்தான் எந்த வேலைக்கும் ஒத்துவரவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் மாலை, அப்பா பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். நாற்பத்தெட்டு நாட்களுக்கு நாற்பத்தெட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். நாலு மணிக்கு எழுந்திருத்தல், குளித்து ஜபம், கிரிவலம், பேங்க் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் படிப்பு, உண்டியலில் ஐம்பது ரூபாய். அப்பாவுக்கு இதில் ஒரு கொள்கை இருந்தது.

"ஒரு காரியத்த ஒரு மண்டலம் விடாம பண்ணிப் பாரு. அதுக்கப்பறம் அந்தக் காரியமே உன்ன இழுத்துண்டு போகும்" என்றார்.

சித்தப்பா மறுத்துப் பேசவில்லை. அவர் எதையுமே மறுத்துப் பேசமாட்டார். அதுதான் அவரிடம் எல்லோருக்கும் இருந்த குறை.

தினமும் மாலை விளக்கேற்றியதும் அந்தத் தாளில் டிக் போடுவது என் வேலை. இதற்காக ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கித் தந்தார்கள். நான் சித்தப்பாவை எதிரில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வார். என் வகுப்பு டீச்சருக்குக்கூட அவ்வளவு அடங்கிய மாணவன் கிடைத்திருக்கமாட்டான்.

எல்லோருக்கும் ஆச்சரியம், சித்தப்பா எழுந்தார். மார்கழிக் குளிரில் நாலரை மணிக்குள் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வெறுங்காலில் கிளம்பிவிடுவார். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர். எட்டரை ஒன்பது மணிக்குத் திரும்பிவந்து, பசியே இல்லாதவர்போல இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார். முகத்தில் ஒரு களை வந்திருப்பதாக அம்மா சொன்னாள். அப்பா அதை அண்ணாமலையார் கணக்கில் எழுதிக்கொண்டார். வேலையே இல்லாத ஒருவர் தினமும் ஐம்பது ரூபாய் எங்கிருந்து கொண்டுவந்து உண்டியலில் போடுகிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. படிப்புக் கட்டத்துக்கு மட்டும் நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். புத்தகம் அவர் முகத்தின்மேல் கிடக்கும். கீழே குறட்டை கேட்கும். புத்தகம் திறந்திருந்ததால் டிக் போட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாடி வீட்டு மாமி விடியற்காலையில் கிரிவலம் கிளம்பியபோது நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். வழியில் சித்தப்பாவைப் பிடித்து, அவரோடு சேர்ந்து முடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டியதும், எனக்கு அவசரமாகப் பாத்ரூம் போகவேண்டியிருந்தது. மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு காபிக் கடையின் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் என்னை ஒப்படைத்தார்.

"நான் உள்ள வரல, மடியா இருக்கேன். நீ சட்டுனு போயிட்டு வா."

அந்த அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போனாள். திரும்பிவரும் வழியில் அடுப்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த வாசனையில் என் கால் தானாக நின்றது. ஒரு பெரிய மேஜைமுன் நின்று, முழங்கைவரை மாவோடு ஒருவர் பிசைந்துகொண்டிருந்தார். பூணூலைச் சுருட்டி பனியனுக்குள் செருகியிருந்தார். நெற்றியில் விபூதி அழியாமல் இருந்தது.

"சித்தப்பா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஓடவில்லை, ஒளியவில்லை. கையிலிருந்த மாவை மெல்ல மேஜையில் வைத்தார்.

"யாரோட வந்த?"

"மாமியோட. வெளியில நிக்கறா."

"பசிக்கறதா?"

நான் பதில் சொல்வதற்குள், அப்போதுதான் வெந்து வந்திருந்த ஒரு சிறிய ரொட்டியைப் பிட்டு, வெண்ணெய் தடவி என் கையில் கொடுத்தார். நான் கோபமாக இருந்தேன். ஆனாலும் தின்றேன். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சுபோலவும் இருந்தது. அதைத் தின்றுகொண்டே கோபமாக இருப்பது சிரமமாயிருந்தது.

"நீ கிரிவலமே போகலியா?"

"முதல் நாலு நாள் போனேன். அஞ்சாம் நாள் இங்க மாவு மூட்டை எறக்க ஆள் இல்ல. ரோட்ல போயிண்டிருந்த என்னக் கூப்பிட்டா. கை கொடுத்தேன். உள்ள வந்து பாத்தா, இவா மாவு பிசைஞ்சிண்டிருந்தா." சற்றுத் தள்ளி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் காட்டினார். புதுச்சேரியிலிருந்து வந்து அந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். "அப்பறம் போகத் தோணல."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட சொல்லப்போறியா?" என்றார்.

நான் வாயில் ரொட்டியோடு வெளியே ஓடிவிட்டேன். மாமியோடு மலையைச் சுற்றி நடந்த அத்தனை தூரமும் எனக்கு ஒரே நினைப்புதான். சித்தப்பா சாமியை ஏமாற்றினாரா என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. என் சிவப்புப் பேனாவை ஏமாற்றிவிட்டார். இருபத்துமூன்று டிக்கும் பொய். அதை நானே என் கையால் போட்டிருக்கிறேன்.

மாலையில் விளக்கேற்றினார்கள். நான் நாலு கட்டத்துக்கு டிக் போட்டுவிட்டு, கிரிவலத்தின் கட்டத்தை அப்படியே விட்டேன். சித்தப்பாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்பா கோயிலுக்குக் கிளம்ப அங்கவஸ்திரத்தை எடுத்தவர், போகிற போக்கில் தாளைப் பார்த்து நின்றார்.

"என்னடி, ஒரு கட்டம் காலியா இருக்கு?"

பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

"அவளக் கேக்காத அண்ணா" என்று பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "நான் போகல."

எல்லாவற்றையும் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா டிவியை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். அப்பா நின்றபடியே கேட்டார். குருக்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கடையின் அடுப்படியில் கூலிக்கு மாவு பிசைகிறான் என்பது எங்கள் தெருவில் சின்னச் செய்தி அல்ல. அது அந்த வயதில் எனக்கே தெரியும்.

அப்பா முதலில் கேட்டது இதுதான்: "அதுல முட்டை போடுவாளா?"

"ரொட்டில போடறதில்ல. கேக்ல போடுவா. நான் கேக் பக்கம் போறதில்ல."

"எத்தன நாளாச்சு?"

"இன்னியோட இருபத்திநாலு."

"ஒரு நாளாவது போகாம இருந்தியா?"

"இல்ல."

"லேட்டா?"

"இல்ல அண்ணா."

அப்பா அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

"ஒரு மண்டலம்னு அண்ணாமலையார்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிச்சோம். விட்டது விட்டதுதான். பாக்கி இருபது நாள் இருக்கு. வேலை முடிஞ்சு நட. நானும் வரேன்."

அவ்வளவுதான். அடியும் இல்லை, திட்டும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அப்பா அந்தக் கடை வாசலில் போய் நின்றார். பொங்கல் லீவு தொடங்கியதும் நானும் கூடப் போனேன். மறைவாக நிற்க எதிரில் மரநிழல் இருந்தது. அப்பா அங்கே நிற்கவில்லை. பஞ்சகச்சமும் பட்டை விபூதியுமாகக் கடையின் கேட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்து நின்றார். போகிறவர் வருகிறவரெல்லாம் கும்பிட்டார்கள்.

"என்ன சாமி, இங்க நிக்கறீங்க?"

"தம்பி இங்க வேலை பாக்கறான். ரொட்டி சுடறான். முடிஞ்சதும் சேந்து கிரிவலம் போறோம்."

கேட்டவருக்கெல்லாம் இதே பதில். கேட்காமல் வெறுமனே சிரித்துவிட்டுப் போக நினைத்தவரையும் நிறுத்திச் சொன்னார். எனக்கு வெட்கமாயிருந்தது. இதை ஏன் இப்படி ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்?

ஒரு நாள், எங்கள் உறவில் பெரியப்பா முறையாகும் இன்னொரு குருக்கள் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"கேள்விப்பட்டேன். நம்ம ஆத்துப் பையனுக்கு இந்த வேலை எதுக்குடா?"

"காலம்பற நாலு மணிக்கு எழுந்துடறான். நாம எழுந்துக்கற நேரம்தான்" என்றார் அப்பா.

பெரியப்பா ஸ்கூட்டரைக் கிளப்பினார். பிறகு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். அங்கிருந்தே புறப்பட்டு, மலையைச் சுற்றி, அங்கேயே வந்து முடிப்போம். எங்கே ஆரம்பித்தாலும் மலை ஒன்றுதானே என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணனும் தம்பியும் வழியில் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். அடி அண்ணாமலை தாண்டியதும் எனக்குக் கால் வலிக்கும். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். அவர் தலையில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும்.

சித்தப்பா பேங்க் பரீட்சை எழுதவேயில்லை. இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில், அவருடைய சொந்த பேக்கரி இருக்கிறது. முட்டை கலக்காதது என்று போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறார். இன்றும் நாலு மணிக்கு எழுகிறார். பெண் பார்த்தபோது, பையன் என்ன வேலை என்று அந்த வீட்டார் விசாரித்தார்களாம். "அவன் அண்ணாவே கடை வாசல்ல நின்னு அழைச்சிண்டு போவாரே, அந்தப் பையன்தான்" என்று ஸ்கூட்டர் பெரியப்பாவே சொன்னாராம். அதற்குமேல் அவர்கள் எதுவும் விசாரிக்கவில்லை.

ஆனால் அந்த நாட்களில், அப்பா காவலுக்குத்தான் போகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரைக் கண்காணிக்க வேண்டாமா? அதனால் நாற்பத்தெட்டாம் நாள் நடந்து முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"நாளைலேர்ந்து சித்தப்பாவ நம்பிடுவியாப்பா?"

"நான் எப்போடி நம்பாம இருந்தேன்?" என்றார் அப்பா.

தினமும் வெயிலில் கேட்டை ஒட்டி நின்று காவல் காத்தவர், கொஞ்சமும் கூசாமல் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு அப்பாமேல் வருத்தமாக இருந்தது.